காளான் அறிவும் தமிழ்ச் சொல்லும்

(திங்கள் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தமிழைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவன் காளானைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று பின் வரிசையில் சிலர் நகைத்துக் கொள்வது தெரிகின்றது. நகைக்கட்டும். சென்ற கூட்டத்தில் கலைச்சொல் ஆக்கம் பற்றி நெடுநேரம் பேசினோம். எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று பட்டியலும் இட்டோம். சொல்லை இவ்வளவு ஆயும் நாம், அச்சொல் சுட்டும் பொருளைக் கண்ணால் பார்க்கின்றோமா என்பதே என் வினா. அதற்குக் காளானை விடத் தக்க எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை. பிற பொருள்களில் பெயர் மாறினால் பிழை தாளோடு நிற்கும். இதிலோ பிழை வயிற்றுக்குள் போய்விடும்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். காளானுக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர் ஆம்பி. காளாம்பி என்ற வடிவமும் உண்டு. நிகண்டுகளில் புகுந்துள்ள சிலீந்திரம் என்பது வடசொல். அது நமக்கு வேண்டா. ஆம்பி என்பது நீர் இறைக்கும் பொறி ஒன்றுக்கும் பெயராக இருந்தமையால், படிப்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும்.

கழக நூல்களில் ஆம்பி வருகின்ற இடங்களுள் மூன்றை மட்டும் எடுத்துக் கொள்கின்றேன். புறநானூற்றின் 164ஆம் பாட்டில், பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனுக்கு உரைக்கும்போது, சமைத்தலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகின்றார். பெரும்பாணாற்றுப்படையில் இது நேர்மாறு. அங்கே ஆய்மகள் விடியலில் தயிர் கடைகின்றாள். உறைந்த தயிரின் கட்டிகளுக்கு ஆம்பியின் வெண்ணிற முகையை உவமையாக்குகின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஓரிடத்தில் இல்லாமையின் அடையாளம். மற்றோரிடத்தில் செழிப்பின் உவமை. இரண்டுக்கும் ஒரே பொருள் பயன்பட்டிருக்கின்றது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், பாணனின் பொலிவிழந்த அடுக்களையைக் காட்டுகின்றார். அங்கே குட்டி ஈன்ற நாய் குரைக்கின்றது. கூரை மரங்கள் தளர்ந்த பழஞ்சுவரைச் சிதல் கூட்டம், அதாவது கறையான் கூட்டம், அரித்து மண்ணாக்கியிருக்கின்றது. அந்தப் பூழியில், அதாவது புழுதியில், ஆம்பி பூத்திருக்கின்றது. அந்த ஆம்பிக்குப் புலவர் கொடுக்கும் அடைமொழி 'புழல்'. உள்ளே துளையுடையது என்று பொருள். உரை எழுதியோரும் உரை படித்தோரும் இதனை வறுமைக் காட்சி என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகின்றார்கள். நாம் சற்றே நிற்போம். ஆம்பி முளைத்த இடம் எது என்பதைப் புலவர் கண்டிருக்கின்றார். அது கறையான் அரித்த மண் என்பதைக் கண்டிருக்கின்றார். தண்டு கெட்டியா துளையா என்பதையும் கண்டிருக்கின்றார். காளானை அறிய விரும்புகின்றவன் இன்றும் முதலில் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே: எங்கே முளைத்தது? எதன்மேல் முளைத்தது? தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே என்ன?

இனிப் பொருளுக்கு வருவோம். மண்ணுக்கு மேல் நாம் காணும் குடை, காளானின் முழு உடல் அன்று. அதன் உடல் மண்ணுக்குள்ளோ, இற்றுப்போன மரத்துக்குள்ளோ, நூலினும் நுண்ணிய இழைகளாகப் பரவிக் கிடக்கின்றது. குடை அதன் காய். மாமரத்தை மண்ணுக்குள் புதைத்துவிட்டு மாங்காயை மட்டும் வெளியே நீட்டினாற் போல என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் சிற்றூர்களில் சொல்வார்கள். இடியோடு வரும் மழையின் ஈரந்தான் இழைகளை எழுப்புகின்றது என்று கொண்டால் அந்தப் பேச்சில் பொருள் இருக்கின்றது.

நம் நாட்டில் தலையாய உணவுக் காளான் புற்றுக் காளான். தெலுங்கர் இதனைப் புற்றின் குடை என்னும் பொருளில் 'புட்டகொடுகு' என்கின்றனர். மலையாளத்தில் காளானுக்குக் 'கூண்' என்று பெயர். அறிவியலார் இவ்வினத்துக்கு இட்ட பெயர் தெர்மிட்டோமைசிசு. 1942ஆம் ஆண்டில் உரோசர் எய்ம் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வினத்தை வகுத்தார். தென்னிந்தியாவிலிருந்து இவ்வினத்து வகை ஒன்றை 1979ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நிலைத்திணையியல் ஆய்வாளர் நடராசன் உலகுக்கு விளக்கி, அந்தப் பிரெஞ்சு அறிஞரின் நினைவாகவே பெயரும் இட்டார்.

இதன் வாழ்க்கை வியப்புக்குரியது. கறையான் மரத்தையும் சருகையும் தின்கின்றது. அதனை முற்றும் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே தன் கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேனடை போன்ற ஓர் அடையைக் கட்டி, அதில் இந்தக் காளானின் இழையைப் பயிரிடுகின்றது. இழை அந்தக் கழிவைப் பக்குவப்படுத்துகின்றது. வெண்மணி போன்ற சிறு உருண்டைகளையும் தருகின்றது. கறையான் அவற்றை உண்கின்றது. காளானின்றி இக்கறையான் இல்லை. கறையானின்றி இக்காளான் இல்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உழவு தொடங்கியது என்று ஆய்வாளர் கணித்திருக்கின்றனர். மாந்தன் ஏர் பிடித்ததோ நேற்று.

மழை நன்கு பெய்து மண் ஊறியபின், புற்றின் அடியிலிருந்தோ புற்றே தெரியாத சமநிலத்திலிருந்தோ இக்காளான் எழும். மேற்கு மழை பெறும் குமரி மாவட்டத்திலும் மலைச் சரிவுகளிலும் ஆனி, ஆடியில் காணலாம். கீழை மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசி. முன் ஆண்டு எழுந்த இடத்திலேயே மறு ஆண்டும் எழும் என்பதால், காடறிந்தோர் அந்த இடத்தைப் பிறர்க்குச் சொல்லார். அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் மண்வெட்டி கொண்டு அடையையே தோண்டி எடுப்பது, முட்டைக்காகக் கோழியை அறுப்பது போன்றது.

அடையாளங்களைச் சொல்கின்றேன். குடையின் நடுவே கூரிய முனை ஒன்று இருக்கும். கெட்டி மண்ணைத் துளைத்து மேலே வருவதற்கு அதுவே கருவி. தண்டு தரைமட்டத்தில் முடியாது. வேர் போல் மெலிந்து நீண்டு, ஒரு முழமோ அதற்கு மேலோ மண்ணுக்குள் இறங்கிக் கறையான் அடையில் சென்று முடியும். குடையின் கீழுள்ள மடல்கள் வெண்மையாய்த் தொடங்கி, முதிர முதிர மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் கொள்ளும். அடியில் பை போன்ற உறை இராது. இவை யாவும் ஒருங்கே இருத்தல் வேண்டும். ஒன்றைக் கண்டு மற்றவற்றைத் தாமே கற்பித்துக் கொள்ளுதல் கூடாது. அரிசி சிதறினாற் போல் நூற்றுக்கணக்கில் முளைக்கும் அரிசிக் காளானும் இவ்வினமே. அது புற்றின்மேல் எழாது. கறையான் வெளியே கொணர்ந்து பரப்பிய அடைத்துகளிலிருந்து எழுவதால், நீண்ட வேர் அதற்கு இல்லை.

புற்றின்மேல் எழுவன எல்லாம் இவ்வினம் என்று எண்ணிவிடாதீர்கள். வறண்ட பகுதிகளில் புற்றின் உச்சியிலேயே, விரியாத குடை போல், செதில் போர்த்துக் கழி நட்டாற் போல் நிற்கும் ஒன்று உண்டு. அதற்குப் பொடாக்சிசு என்று அறிவியற் பெயர். இலின்னேயசு 1771ஆம் ஆண்டிலேயே இதனைப் பதிந்துவிட்டார். இளமையில் உள்ளே வெண்மை, முதிர்ந்தால் கருந்தூள். அவ்வளவு போதும்.

நஞ்சுக்கு வருகின்றேன். இங்கே விரைந்து போக மாட்டேன்.

மழைக்குப்பின் புல்வெளியிலும் தோட்டத்திலும் மாடு மேயும் தரிசிலும் வெள்ளை வெளேரெனத் தட்டு அளவுக்கு விரியும் காளான் ஒன்று உண்டு. உச்சியில் பழுப்புச் செதில்கள். தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். பார்ப்பதற்கு அத்துணை அழகு. குளோரோபில்லம் மொலிப்டைட்டிசு என்பது அதன் அறிவியற் பெயர். இளமையில் மடல்கள் வெண்மையாகவே இருக்கும்; நல்ல காளானோ என்று எவரும் மயங்குவர். முதிர்ந்தபின் மடல்கள் பசுஞ்சாம்பல் நிறம் கொள்ளும். உண்டவர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வளர்ந்தோர் பெரும்பாலும் மீள்வர். குழந்தைகள் உடல்நீர் இழந்து இடருக்கு உள்ளாவர்.

இதனை முதலிலேயே கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. குடையைத் தண்டிலிருந்து நறுக்கி, மடல் கீழே இருக்குமாறு ஒரு தாளின்மேல் வைத்து, ஒரு கலத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். தாளில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருந்தால் மிக நன்று. காலையில் பார்த்தால் மடல்களின் வரிவடிவில் நுண்வித்துகள் தூளாய்ப் படிந்திருக்கும். இதனை வித்துப்பதிவு எனலாம். புற்றுக் காளானுக்கு அது வெளிறிய இளஞ்சிவப்பு. நான் சொன்ன அந்த நச்சுக் காளானுக்குப் பச்சை. காசு செலவில்லாத இந்தச் செய்முறையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம். நம் பள்ளிகளில் காளானின் படம் வரைந்து உறுப்புகள் குறிக்கச் சொல்கின்றோம். ஒரு காளானைக் கையில் கொடுப்பதில்லை.

இதனினும் கொடியது அமானிட்டா இனத்தைச் சேர்ந்த சில. அந்த இனம் முழுவதும் கொல்வதன்று. ஆனால் உலகில் காளானால் நேரும் சாவுகளுள் பெரும்பாலன அவ்வினத்துச் சிலவற்றால் நேர்வன. வெண்மடல், வெண்ணிற வித்துப்பதிவு, தண்டில் வளையம், அடியில் முட்டை ஓடு போன்ற உறை ஆகியன அவற்றின் அடையாளங்கள். அந்த உறை மண்ணுக்குள் மறைந்திருக்கும். காளானை மேலே ஒடித்து எடுத்தவன் அதனைக் காணவே மாட்டான். ஆகவேதான், அறிவதற்காக எடுக்கும் முதற் காளானை ஒடிக்காமல் சுற்றி மண்ணை அகழ்ந்து அடியோடு எடுக்க வேண்டும் என்கின்றேன்.

இந்நஞ்சின் கொடுமை அதன் காலத்தாழ்வில் இருக்கின்றது. உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே, சிலர்க்கு ஒரு நாள் கழித்தே, வாந்தி தொடங்கும். பிறகு சற்றுத் தெளிந்தாற் போல் தோன்றும். வீட்டார் தேறிவிட்டது என்று எண்ணுவர். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது வெளிப்படும்போது மருத்துவர்க்கும் கைகொடுக்க வழி குறைந்துவிடும். 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தனர். தேயிலைத் தோட்டத்து ஏழை மக்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சுவைக்காக உண்டவர்கள் அல்லர் அவர்கள். அடுப்பில் ஆம்பி பூத்த நிலைக்கும் இதற்கும் நெடுந்தொலைவு இல்லை.

நம்மிடையே உலவும் சில ஆய்வுமுறைகளை இங்கேயே மறுத்துவிட வேண்டும். வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது என்பர், பொய். பூண்டோ அரிசியோ மஞ்சளோ சேர்த்துக் கொதிக்க வைத்து, நிறம் மாறாவிட்டால் நல்லது என்பர், பொய். புழு அரித்திருந்தால் மாந்தனுக்கும் ஒத்துவரும் என்பர். நத்தையும் புழுவும் தின்று வாழும் காளான் நம்மைக் கொல்லும். நன்றாகக் கொதித்தால் நஞ்சு போய்விடும் என்பதே எல்லாவற்றினும் கொடிய பொய். கல்லீரலை அழிக்கும் அந்நஞ்சு கொதிநீருக்கு அஞ்சுவதில்லை. இவையெல்லாம் முன்னோர் அறிவு என்று நம் மேடைகளிலேயே சிலர் போற்றுகின்றார்கள். வெள்ளிக் கரண்டிக் கதை ஐரோப்பாவிலும் நெடுங்காலமாக வழங்குவது. நம் முன்னோர் வீடுகளில் எத்தனை வெள்ளிக் கரண்டிகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள்!

முன்னோர் அறிவு எங்கே இருக்கின்றது என்றால், காட்டில் நடப்போரிடம் இருக்கின்றது. இருளர், பளியர், காணிக்காரர் முதலிய மக்கள் காளானை ஒற்றை அடையாளம் கொண்டு அறிவதில்லை. எந்த மழைக்குப் பின், எந்த மண்ணில், எந்த மரத்தடியில், எவ்வாறு கூட்டமாக, எத்தகைய மணத்தோடு என்று சேர்த்தே அறிகின்றனர். அறியாததைத் தொடுவதில்லை. அந்த ஒழுங்குதான் அறிவு.

அந்த அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதுவும் சொல்லப்பட வேண்டும். வைக்கோல் காளான் நாம் அறிந்தது. 1940களிலேயே கோவையில் அதனை வளர்த்துக் காட்டினர். அதற்கும் முகைப் பருவத்தில் உறை உண்டு, அடியில் பை உண்டு. ஆனால் வளையம் இல்லை, மடலும் வித்துப்பதிவும் இளஞ்சிவப்பு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மக்கள் சிலர், தம் ஊர் வைக்கோல் காளான் என்று நினைத்து அங்குள்ள நச்சு அமானிட்டாவைப் பறித்து உண்டு மாண்டனர். அவர்கள் அறிவிலார் அல்லர். தம் மண்ணில் பிழையாத அறிவை வேறு மண்ணில் பயன்படுத்தினர். சவ்வாது மலையில் கற்றதைக் கொண்டு நீலமலையில் பறிப்பவனுக்கும் இதே நிலைதான். நீலமலையிலும் கோடைக்கானலிலும் வெளிநாட்டு ஊசியிலை மரங்களை நட்டபோது, அவற்றின் வேரோடு உறவு கொண்ட அயற்காளான்களும் உடன் வந்து சேர்ந்தன. வெண்புள்ளி தெளித்த செந்நிறக் குடையை அங்கே காணலாம். அதுவும் நஞ்சே.

இப்போது நம் இயக்கத்துக்கு வருகின்றேன். சிலர்க்குக் கசக்கலாம்.

கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கில நூலை விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் அப்படியே தமிழாக்குகின்றார்கள். அந்நாட்டார் ஒரு காளானுக்குச் சாவுத் தொப்பி என்று பெயரிட்டால் நாமும் சாவுத் தொப்பி என்கின்றோம். அவர்கள் தொப்பி அணிகின்றவர்கள். காளானின் தலையைத் தொப்பி என்றார்கள். நாமோ குடை என்றோம். நாய்க்குடை என்று இகழ்ந்தாலும் குடை என்றே இகழ்ந்தோம். குடை என்ற சொல் நம் மக்கள் வாயில் இருக்க, எதற்குத் தொப்பி? இளங்காளானுக்கு ஆங்கிலர் பொத்தான் என்கின்றனர்; நாமும் பொத்தான் காளான் என்று கூவி விற்கின்றோம். முகை என்ற சொல்லைப் பெரும்பாணாற்றுப்படை ஆம்பியோடு சேர்த்தே வைத்திருக்கின்றது. துளையுள்ள தண்டுக்குப் புழல்தண்டு என்று சிறுபாணாற்றுப்படை வழி சொல்லலாம். இருக்கின்ற சொல்லைத் தேடாமல் இல்லாத சொல்லைப் படைப்பது தூய்மை ஆகாது.

அதுமட்டுமன்று. ஒரே காளானுக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதும், ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு காளான்களைச் சுட்டுவதும் உண்டு. ஓரூர்ப் பெயரை அகரமுதலியில் ஏற்றி, இதுவே பொதுப்பெயர் என்று அறிவித்துவிட்டால், மற்றோர் ஊர்க்காரன் அப்பெயரை நம்பித் தன் ஊர்க் காளானைத் தின்பான். ஆகவே பெயரைத் தனியே எழுதாதீர்கள். பெயரோடு ஊர், திங்கள், மண், அருகிலுள்ள மரம், வித்துப்பதிவின் நிறம், சொன்னவர் அதனை உண்பாரா உண்ணாரா என்பன யாவும் சேர்ந்ததே ஒரு பதிவு. இலத்தீன் பெயரையும் கூட எழுதுங்கள். இங்கே அதற்கு எதிர்ப்பு எழும் என்று அறிவேன். இலத்தீன் பெயர் ஆட்சி செய்ய வரவில்லை. அடையாளச் சீட்டாக வருகின்றது. மருத்துவமனையில் நோயாளியின் உயிர் ஊசலாடும்போது, உண்டது எது என்று எந்த நாட்டு மருத்துவர்க்கும் அந்தச் சீட்டு ஒன்றே சொல்லும். தமிழ்ப் பெயர் நம் மக்களைக் காக்க. இலத்தீன் பெயர் அந்தத் தமிழ்ப் பெயர் எதைக் குறிக்கின்றது என்பதைக் காக்க.

பால் காளானைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டில் வங்காளத்தில் அறியப்பட்டு, இந்திய நாட்டின் பெயரோடு கலோசைபி இண்டிகா என்று பதிவானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டில் அதில் ஒரு வகையை வளர்ப்புக்கு வெளியிட்டது. இன்று கடைக்காரரும் வாங்குவோரும் பால் காளான் என்றே கேட்கின்றனர். எந்தக் குழுவும் கூடி அப்பெயரை ஆக்கவில்லை. வெண்மை கண்டோம், பால் என்றோம். பெயர் நிலைத்துவிட்டது.

காட்டுக் காளானை உண்ணுமாறு இங்கு எவர்க்கும் நான் சொல்லவில்லை. பார்க்கவும் எழுதவுமே அழைக்கின்றேன். உண்பவர் வழிவழியாக உண்பவரிடம் நேரில் கற்றுக்கொண்டு உண்ணட்டும். படத்தையும் என் பேச்சையும் நம்பி உண்ணற்க. எவரேனும் உண்டு வாந்தி எடுத்தால், மீந்த காளானையும் குப்பையில் எறிந்த துண்டையும் ஒரு தாளில் பொதிந்துகொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மழை விழுந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் ஏரிக்கரைத் தோப்புக்குப் போகலாம் என்று இளைஞர் சிலர் கேட்டிருக்கின்றார்கள். வருவோர் ஓலைக்கூடையோ துணிப்பையோ கொண்டு வருக. ஞெகிழிப் பையில் காளான் வெந்து அழுகிவிடும். சிறு கத்தி, கரிக்கோல், பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாள் ஆகியன வேண்டும். ஊரில் வயது முதிர்ந்த பாட்டி எவரேனும் காளான் பறித்த பழக்கமுடையவராக இருந்தால், அவரையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அன்று பாடம் சொல்பவர் அவரே, நான் எழுதிக்கொள்பவன்.